மன்றமும் மதிலும்: ஊரமைப்பு, குற்றம், அச்சம் பற்றி ஒரு திறனாய்வு

ஓர் ஊரைப் பாதுகாப்பான ஊர் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? காவல் நிலையப் பதிவேட்டை வைத்தா? இல்லை, இரவு ஒன்பது மணிக்கு வீட்டுப் பெண் முக்குக் கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு திரும்பி வர முடிகிறதா என்பதை வைத்தா? முதலாவது குற்றக் கணக்கு. இரண்டாவது அச்சக் கணக்கு. இரண்டும் ஒன்றாகவே போகும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அப்படிப் போவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் தொகுப்பில், பெண்களுக்கு எதிரான குற்றங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கணவனும் கணவன் வீட்டாரும் செய்யும் கொடுமை என்ற தலைப்பில் வருகிறது. பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றவாளி தெரிந்தவன்தான். அதாவது ஆபத்து பெரும்பாலும் வீட்டுக்குள்ளே இருக்கிறது, அச்சமோ தெருவில் நிற்கிறது. இந்த முரண்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, ஊரமைப்புக்கும் அச்சத்துக்கும் உள்ள உறவைச் சற்று ஆராய்வோம்.

நாராயணவனத்துத் தெரு

புத்தூருக்கு அருகே அருணா நதிக்கரையில் உள்ள நாராயணவனத்தை நம் அன்பர்கள் பலர் அறிவார்கள். ஆகாசராஜன் மகள் பத்மாவதிக்கும் சீனிவாசப் பெருமாளுக்கும் கல்யாணம் நடந்த ஊர் என்பது தலபுராணம். கல்யாண வேங்கடேசுவரர் கோயில் இன்று திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பொறுப்பில் இருக்கிறது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அந்தப் பக்கம் போயிற்று. 1960 ஏப்ரல் 1இல் படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. புத்தூரும் நகரியும் நாராயணவனமும் அங்கேயே நின்றுவிட்டன. 2022 ஏப்ரல் 4 முதல் நாராயணவனம் திருப்பதி மாவட்டம். இவ்வூர்த் தமிழ்க் குடும்பங்கள் மூட்டை கட்டாமலே வெளிமாநிலத்தார் ஆனவர்கள். அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், எல்லைதான் நகர்ந்தது.

இந்த ஊரின் பழைய அமைப்பு நாம் எல்லோரும் அறிந்த கோயிலூர் அமைப்புதான். நடுவே கோயில், சுற்றி மாடவீதி, வீதியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அதோடு இது நெசவாளர் ஊர். நெசவூர்களில் தெருவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பாவு நீட்டி ஆற்றுவதற்கு நீளமும் அகலமும் வேண்டும். அதனால் தெருவே தொழிற்கூடம். சேலம், ஈரோட்டுப் பக்கம் இதற்கென்றே விட்ட திடலைப் பாவடி என்பார்கள். விடியற்காலையில் பாவு போடுகிற இடத்தில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஒரு குடும்பமே நிற்கும். "யாருப்பா அது, யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று புதியவரை ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் காவல் காக்கவென்று அங்கே நிற்கவில்லை. வேலை தெருவில் இருந்ததால் கண்ணும் தெருவில் இருந்தது.

விசைத்தறி வந்த ஊர்களில் இந்தக் காட்சி மாறிப்போனது. பாவு பீமில் சுற்றி வண்டியில் வந்து இறங்குகிறது. தறிச் சத்தத்துக்காகவும் பஞ்சுத் தூசிக்காகவும் கதவைச் சாத்துகிறார்கள். தெரு அதே அகலத்தில் கிடக்கிறது. அதில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. எந்த நகரத் திட்டமும் இதைச் செய்யவில்லை, தொழில் மாறியதால் தெருவின் கண் மூடிக்கொண்டது. ஊரமைப்பு என்றால் செங்கல்லும் சிமெண்டும் மட்டும் என்று எண்ணுவோர் கவனிக்க வேண்டிய இடம் இது.

மேலைநாட்டார் சொன்னது

இதையே 1961இல் அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகையாளர் எழுதினார். அவர் நகரமைப்பில் பட்டம் பெற்றவர் அல்லர். நியூயார்க்கில் தாம் குடியிருந்த ஹட்சன் தெருவைப் பார்த்துப் பார்த்தே 'அமெரிக்கப் பெருநகரங்களின் மரணமும் வாழ்வும்' என்ற நூலை ஆக்கினார். தெருவின் அமைதியைப் பெரும்பாலும் காப்பது போலீஸ் அல்ல. கடைக்காரரும் சன்னலில் நிற்பவரும் நடந்து போகிறவருமே என்பது அவர் கருத்து. எது பொது இடம், எது தனி இடம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். தெருவை நோக்கிக் கண்கள் இருக்க வேண்டும். நாள் முழுக்க ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளை வைத்தார்.

1972இல் ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக் கலைஞர் இதை அளந்து காட்ட முயன்றார். நியூயார்க்கில் பிரவுன்ஸ்வில், வான் டைக் என்று எதிரெதிரே இரண்டு அரசுக் குடியிருப்புகள். மக்கள் தொகையும் வருமானமும் ஏறக்குறைய ஒன்று. தாழ்வான கட்டடங்கள் கொண்ட பிரவுன்ஸ்வில்லைவிட, பதினான்கு மாடி வரை உயர்ந்த வான் டைக்கில் குற்றம் அதிகம். யாருக்கும் சொந்தமில்லாத நடைவழியும் மாடிப்படியும் லிப்டும்தான் குற்றத்துக்கு இடம் கொடுக்கின்றன என்றார். செயின்ட் லூயிஸ் நகரின் புரூயிட்-ஐகோ குடியிருப்பையும் சான்றாகக் காட்டினார். 1950களில் எழுந்த 33 கட்டடங்கள். 1972இலேயே வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

இங்கே நாம் ஒரு தடை எழுப்ப வேண்டும். புரூயிட்-ஐகோ சீரழிந்ததற்கு மாடிப்படி மட்டுமா காரணம்? பராமரிப்புக்குப் பணம் இல்லை. நகரத்தைவிட்டு வேலையும் மக்களும் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். கருப்பின மக்களை ஒதுக்கி வைக்கும் வழக்கம் வேறு. கட்டடத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். வடிவமைப்பு ஒன்றுமே செய்யாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 2016இல் நியூயார்க் அரசுக் குடியிருப்புகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து கூடுதல் விளக்கு வைத்துப் பார்த்தபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் பெருங்குற்றங்கள் சுமார் 36 விழுக்காடு குறைந்தன. கண்காணிப்புக் கேமராவோ வாகன நிறுத்துமிடங்களில் நன்றாகப் பயன்படுகிறது. அடிதடி, வன்முறைகளில் அதன் பயன் சொற்பம் என்பதே ஆய்வுகள் கண்டது. விளக்கு வழிப்போக்கனுக்கும் உதவுகிறது. கேமரா நடந்து முடிந்ததைப் பதிவு செய்கிறது. நம் ஊராட்சிகளும் குடியிருப்போர் சங்கங்களும் கேமராவுக்குக் கொடுக்கும் காசில் பாதியைத் தெருவிளக்குக்குக் கொடுக்கலாம்.

புகாரும் மதுரையும்

நம் இலக்கியத்தில் இந்தக் கேள்வி இல்லையா? இருக்கிறது, அதுவும் கூர்மையாக இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் புகார் நகரத்தின் ஐவகை மன்றங்கள் வருகின்றன. அவற்றில் வெள்ளிடை மன்றம் வணிகர் பொதிகளைக் குறியிட்டு வெட்டவெளியில் போட்டுவைக்கும் இடம். பூட்டு இல்லை, காவலும் இல்லை. திருட வருபவன் பொதியைத் தலையில் சுமந்தபடி வெளியேற முடியாமல் சுற்றிச் சுற்றி வருவானாம். பூத சதுக்கத்தில் பொய்ச்சான்று சொல்பவனையும் புறங்கூறுபவனையும் பூதம் தண்டிக்கும். பொது இடமே நீதி செய்யும் நகரம் என்பது இளங்கோவின் கற்பனை. ஜேக்கப்ஸ் கண்ட கண்ணுக்குப் பதில் இங்கே பூதம். அவ்வளவுதான் வேறுபாடு எனலாம்.

ஆனால் அதே காப்பியம் மதுரைக்குப் போனதும் மறுபக்கத்தைக் காட்டிவிடுகிறது. கோவலன் அந்த நகருக்கு வெளியூர்க்காரன். பிழைப்புத் தேடி மனைவியின் காற்சிலம்பை விற்க வந்தவன். இன்றைய சொல்லில் சொன்னால் இடம்பெயர்ந்தவன். அவனைப் பார்த்த காவலர்கள் முதலில் தயங்குகிறார்கள்: இவன் முகத்தைப் பார்த்தால் கள்வன் மாதிரித் தெரியவில்லை என்கிறார்கள். அப்போது பொற்கொல்லன் என்ன செய்கிறான்? கள்வர்களுக்கு மந்திரம், மருந்து, நிமித்தம், இடம், காலம், கருவி முதலான எட்டுத் துணைகள் உண்டென்று களவு நூலை விரித்து ஒரு சொற்பொழிவே நடத்துகிறான். குற்றவியல் நிபுணனாகப் பேசுகிறான். காவலர் மனத்தில் அச்சம் ஏறிய பிறகு, ஒருவன் வாளை ஓங்கிவிடுகிறான். உண்மையில் சிலம்பைத் திருடியவன் அந்த நிபுணன்தான்!

இந்தக் காட்சியைத் தீர்ப்புத் தவறிய மன்னன் கதையாக மட்டும் நாம் படித்து வந்திருக்கிறோம். நகரத்தில் அச்சம் எப்படிப் பரப்பப்படுகிறது, யார் பரப்புகிறார், யார் தலையில் அது விழுகிறது என்று படிப்பதற்கும் அதில் இடம் உண்டு. ஊருக்குப் புதியவன், ஏழை, சாட்சிக்கு ஆள் இல்லாதவன் தலையில்தான் அது விழுகிறது.

கண் யாருடையது?

ஆகவே 'தெருவில் கண் வேண்டும்' என்று சொல்வதற்கு முன், அந்தக் கண் யாருடையது என்று கேட்க வேண்டும். திண்ணையைப் பற்றி நம்மவர்கள் மலர்தோறும் உருகி எழுதுகிறார்கள். வழிப்போக்கனுக்கு நிழலும் தண்ணீரும் கொடுத்தது திண்ணை, உண்மை. எந்த வழிப்போக்கனுக்கு? கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே சிலருக்கு உரிமை இல்லாமல்தானே 1924இல் வைக்கத்தில் போராட்டம் நடந்தது. பெரியார் சிறை சென்றதும் அந்தத் தெருக்களுக்காகத்தானே! அங்கே தெருவின் கண் மிகத் தெளிவாகவே வேலை செய்தது. யாரை நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

பெண்களுக்கும் இதே நிலைதான். "இந்த நேரத்துல எங்க போய்ட்டு வர்றா?" என்று கேட்கும் கண் பாதுகாப்பா, வேவா? ஷில்பா பாட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட நூல், பெண் ஒருத்தி காரணம் இல்லாமல் பொது இடத்தில் சும்மா நிற்க முடிகிறதா என்று கேட்கிறது. கையில் பை வேண்டும், செல்போன் வேண்டும், எங்கோ போகிற வேகம் வேண்டும். ஆண் டீக்கடை பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்காரலாம், யாரும் கேட்பதில்லை. பூங்காவுக்கு மதிலும் பூட்டும் போடுவதால் இந்த நிலை மாறாது.

குற்றத்தை இடத்தோடும் பிறப்போடும் ஒட்டிவைப்பது நம் நாட்டில் சட்டமாகவே இருந்திருக்கிறது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. கைரேகை, இரவில் காவல் நிலையத்தில் ஆஜர், தனிக் குடியேற்றம் என்று முழுச் சமூகங்களையே கைதியாக்கினார்கள். இன்றைய ஆந்திரத்தில் உள்ள ஸ்டூவர்ட்புரம் அப்படி உருவான ஊர். 1952 ஆகஸ்ட் 31இல் அந்தப் பட்டியல் நீங்கியது. பெயர் நீங்கியதா?

கண்ணகி நகர்

சென்னையின் தென்கோடியில், ஒக்கியம் துரைப்பாக்கத்தில், 2000ஆம் ஆண்டு முதல் குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பு கண்ணகி நகர். நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்கு 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்கத்தில் கட்டியவை 200 சதுர அடியை ஒட்டியவை. அடுத்துச் செம்மஞ்சேரி, பிறகு எட்டு மாடிகளில் பெரும்பாக்கம். மீன் விற்றவர், வீட்டு வேலை செய்தவர், கூலிக்குப் போனவர் எல்லோரும் தொழில் நடந்த இடத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளிப் போடப்பட்டார்கள். பாவு நீட்டிய தெருவுக்கு நேர் எதிரான ஏற்பாடு இது. வேலை ஓரிடம், உறக்கம் ஓரிடம். பல சேரிகளிலிருந்து பிய்த்தெடுத்து அடுக்கியதால் பழைய அண்டை அயலும் போயிற்று.

பிறகு பத்திரிகைகளில் 'குற்றக் கோட்டை' என்று எழுதினார்கள். விலாசத்தைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று இளைஞர்கள் வேறு விலாசம் சொல்லும் நிலை வந்தது. கள்வன் என்று பொய்யாகப் பட்டம் கட்டிக் கொல்லப்பட்டவனுக்காக நீதி கேட்டவள் பெயரை வைத்த குடியிருப்புக்கு இந்தக் கதி! 2020இல் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். வெளியார் வந்து பார்த்தார்கள், நல்லதுதான். ஆனால் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் இந்த ஊர்ப் பெண் ஒருவர் இருந்தது, எந்த ஓவியமும் செய்யாததைச் செய்தது. பிள்ளைகள் விளையாட ஒரு திடல் இருந்தால் போதும், ஊரின் பெயர் மாறும்.

வெளிமாநிலத் தமிழர் நினைக்க வேண்டியது

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு அச்சம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1960களின் பிற்பகுதியில் மும்பையிலும், காவிரி நடுவர் மன்ற இடைக்காலத் தீர்ப்பை அடுத்து 1991 டிசம்பரில் பெங்களூரிலும் தமிழர் பட்டது பலருக்கு நினைவிருக்கும். "பஸ்ல தமிழ்ல பேசாதே" என்று பிள்ளைகளிடம் சொன்ன காலம் அது. பெங்களூர் அல்சூரில் 1991இல் திறக்க இருந்த திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே நின்றது. பொது இடத்தில் அச்சம் குடியேறினால் எப்படியிருக்கும் என்பதற்கு அதைவிட ஓர் அடையாளம் வேண்டுமா? 2009 ஆகஸ்ட் 9இல் அது திறக்கப்பட்டது; நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. மதிலோ காவலோ அல்ல, இரு ஊர்களும் ஒருவர் பெரியவருக்கு மற்றவர் பொது இடத்தில் இடம் கொடுத்ததுதான் அந்தத் துணியை அகற்றியது.

அப்படி அனுபவப்பட்ட நாமே இன்று உயர்ந்த அடுக்ககங்களில் குடியேறி என்ன செய்கிறோம்? வாசலில் மூன்று காவலர். வேலைக்கார அம்மாவுக்குத் தனி லிப்ட். சாப்பாடு கொண்டுவரும் பையனிடம் நூறு கேள்வி. பீகாரிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்த கட்டடத் தொழிலாளி தெருவில் நின்றால் குழுவில் அவன் படம். மதிலுக்கு வெளியே உள்ள தெருவில் ஒரு சன்னலும் இல்லாததால் அங்கே இருட்டும் அச்சமும் இன்னும் கூடுகின்றன. நேற்று நாம் கோவலன். இன்று பொற்கொல்லன் பேச்சைத் தலையாட்டிக் கேட்கும் காவலன் ஆகிவிட்டோமோ என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு. மதிலில் தெருப் பக்கம் நாலு கடைக்கு வழிவிடச் சொல்லிக் குடியிருப்போர் கூட்டத்தில் கேட்கலாம். தெருவிளக்குக்கும் நடைபாதைக்கும் மாநகராட்சியிடம் மனுக் கொடுக்கலாம். சங்கக் கட்டடத்தின் முன்பக்கத்தில் பூட்டில்லாத ஒரு திண்ணை போடலாம். அதில் எந்த மொழிக்காரரும், எந்தத் தொழிலாளியும், காரணம் சொல்லாமல் ஒரு பெண்ணும் உட்காரலாம் என்று எழுதாமலே தெரியும்படி நடந்துகொள்ளலாம். திண்ணையைப் பற்றிக் கட்டுரை எழுதுவதைவிட அது சற்றுச் சிரமம். ஆனாலும் அதுவே நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு.