ரன் பட்டனை அழுத்துமுன் ஒரு பந்தயம்

பத்து வரி மேக்ரோ ஒன்றின்மேல் இப்படிப் பைத்தியமாவேன் என்று நினைத்ததே இல்லை.

வரிக்குதிரை மீன் குஞ்சுகளின் நிறமியை அளப்பது என் வேலை. ஐந்து நாள் குஞ்சு நாலு மில்லிமீட்டர்தான் இருக்கும். உடம்பு கண்ணாடி, முதுகில் மிளகுப்பொடி தூவினாற்போல் மெலனோபோர் செல்கள். முன்பு மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒன்றுமுதல் ஐந்துவரை மதிப்பெண் போடுவோம். "இது மூணு" என்பேன். பக்கத்து மேசை அக்கா, "நல்லாப் பாரு, நாலு" என்பார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எனக்கே நாலாகத் தெரியும்!

பிறகுதான் வந்தது இமேஜ்ஜே என்ற படம் அளக்கும் மென்பொருள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பாண்ட் உருவாக்கியது, காசே கிடையாது. படத்தைச் சாம்பல் நிறமாக்கினால் ஒவ்வொரு பிக்சலும் 0 முதல் 255க்குள் ஓர் எண். வரம்பு ஒன்று வைத்து, அதற்குக் கீழே உள்ள கறுப்பெல்லாம் முதுகுப் பரப்பில் எத்தனை சதவீதம் என்று கேட்டால் போதும். கண்களை மட்டும் முதலில் விலக்கிவிட வேண்டும். விட்டால் அந்த இரண்டு கரிய உருண்டைகளே கணக்கை விழுங்கிவிடும். இதையெல்லாம் தானாகச் செய்ய அதில் அந்தப் பத்து வரி மேக்ரோவை எழுதி, இருநூறு படங்களைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அட்டவணை தயார். அன்றைக்கு நான் ஆடாத குறைதான்.

ஆனால் மயங்கிப்போனது அடுத்த வாரம். ஒரே தாய்மீன் இட்ட முட்டைகள், நிறமியை மாற்றுகிறதா என்று பார்க்க எல்லாத் தட்டிலும் ஒரே மருந்து. ஒரு தட்டுக் குஞ்சுகள் மட்டும் கறுப்பு ஏறி நின்றன. அதிலாவது மருந்து வேலை செய்கிறது என்று துள்ளினேன். அக்கா தட்டைத் தூக்கிப் பார்த்தார். அடியில் கறுப்பு மேசை! மற்றவை வெள்ளைத் தாளின்மேல். இருண்ட தரையைக் கண்டால் குஞ்சு தன் செல்லுக்குள் நிறமித் துகள்களைப் பரப்பிக்கொள்ளும். வெளுத்த தரையென்றால் நடுவில் குவித்துக்கொள்ளும். மீனின் ஒளிந்துகொள்ளும் தந்திரத்தையே எண்ணாக்கித் தந்திருக்கிறது என் மேக்ரோ. அன்றிலிருந்து எல்லாத் தட்டுக்கும் வெள்ளைத் தாள், ஒரே விளக்கு, ஒரே நேரம்.

இந்தப் புள்ளிகள் சில்லறை விஷயமல்ல. 'கோல்டன்' என்ற வெளிறிய மீனில் பழுதான மரபணுதான் மனிதத் தோல் நிறத்திலும் பங்கு வகிக்கிறது என்று 2005இல் கீத் செங் என்பவரின் ஆய்வுக்குழு காட்டியது. மனித மரபணுவின் ஆர்என்ஏவைச் செலுத்தியதும் வெளிறிய கருவில் கறுப்பு திரும்பியது.

அக்கா இப்போது மதிப்பெண் போடுவதில்லை. ரன் பட்டனை அழுத்துமுன் சதவீதத்தை ஊகிக்கிறார். தோற்றவர் டீ வாங்க வேண்டும். இந்த மாதம் டீக்கணக்கு முழுக்க என் தலையில்.