கறுப்பு ஓரம்

மிச்சம் மீதி நூலையெல்லாம் சேர்த்துக் குரோஷேயில் பின்னும் கிரானி ஸ்கொயர் போர்வையில் ஒரு விந்தை உண்டு. கடுகு மஞ்சள், வாடாமல்லி, ஆகாய நீலம், கிளிப்பச்சை என்று ஒன்றோடொன்று ஒட்டாத நிறங்கள் ஒவ்வொரு சதுரத்திலும் கைக்கு வந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும். ஆனால், எல்லாச் சதுரங்களின் கடைசிச் சுற்றையும் கறுப்பில் போட்டு, கறுப்பு நூலாலேயே இணைத்துவிட்டால், போர்வை முழுவதும் திட்டமிட்டுச் செய்தது போலாகிவிடும். உள்ளே ஒரு நிறம்கூட மாறவில்லை. மற்ற எல்லாவற்றையும்விட அடர்ந்த ஒன்று சுற்றி வந்ததுமே உள்ளே இருப்பவை தெளிந்துவிட்டன. எனவே, நூல் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தின் பெயரைவிட, அது கெட்டியா வெளிரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

குரோஷேயின் அமைப்பே இதைக் கேட்கிறது. சிங்கிள் குரோஷே வரிசை ஒன்றை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணியும் கீழ்வரிசைக் கண்ணியின் தலைக்குள் நுழைந்து எழுவதால், இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடம் நேர்கோடாக இல்லாமல் பல்வரிசை போல இருக்கும். புது நிறத்தை முந்தைய கண்ணியின் கடைசி இழுப்பிலேயே கொண்டுவராவிட்டால், பழைய நிறம் புதுக் கண்ணியின் தலையில் தொப்பியாக நிற்கும். இப்படி இயல்பிலேயே கலங்கிய எல்லையைக் கண்ணுக்குப் பிரித்துக் காட்டுவது அடர்த்தி வித்தியாசம்தான். கொலம்பியா, வெனிசுவேலா எல்லையிலுள்ள குவாஹிரா தீபகற்பத்தின் வயூ மக்கள் பின்னும் ‘மோச்சிலா’ பைகளில் பட்டை பட்டையான கோலங்கள் தூரத்திலிருந்தும் துலக்கமாகத் தெரிவதற்கு, அடுத்தடுத்த நிறங்களின் அடர்த்தி எட்டி நிற்பதும் ஒரு காரணம். பயன்படாத நூலைக் கண்ணிகளுக்குள்ளேயே மறைத்து எடுத்துச் செல்லும் வேலை அது. பின்னல் தளர்ந்தால் வெளிர் கண்ணிக்குள்ளிருந்து கெட்டி நூல் எட்டிப் பார்த்து அழுக்குப் போலத் தெரியும். அதனால்தான் அதை அத்தனை இறுக்கமாகப் பின்ன வேண்டியிருக்கிறது.

கறுப்புகூடத் தனியாக நின்று வேலை செய்வதில்லை. பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் 1824இல் சாயப் பிரிவின் தலைவரான வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரூலிடம், கறுப்புக் கம்பளி நூல் சோகையாகத் தெரிகிறது என்ற புகார் வந்தது. சோதித்தபோது சாயத்தில் பழுதில்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் வலுவை உறிஞ்சியிருந்தன. அந்த ஆராய்ச்சி வளர்ந்து 1839இல் புத்தகமாக வந்தது. கடையில் நூல்கண்டைத் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்வது ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தேர்ந்த நூல்களை ஓர் அட்டையில் நான்கைந்து சுற்றாக அடுத்தடுத்துச் சுற்றி, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். கடையில் சண்டைக் கோழிகள்போல் முறைத்துக்கொண்ட அரக்கும் ராமர் பச்சையும் அங்கே கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக உறங்கும்.

அரக்கும் பச்சையும் காஞ்சிபுரம் பட்டில் அத்தனை அழகாக இருக்கின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே உடலும் கரையும் பெரிய பரப்புகள். பல புடவைகளில் இரண்டுக்கும் நடுவே ஜரிகை ஓடி எல்லையை ஒளியால் வகுத்துவிடுகிறது. நம் பின்னலில் அதே நிறங்கள் கண்ணிக்குக் கண்ணி மாறி மாறி வந்தால் பழுப்பாகக் குழையும். நடுவே ஒரு சந்தன நிற வரிசை போட்டால் அந்த ஜரிகையின் வேலையை அது ஓரளவு செய்யும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. வெளிர் ரோஜா, வெளிர் மஞ்சள், வெளிர் நீலம் என்று ஒரே அடர்த்தியில் பின்னிய குழந்தைப் போர்வைகள் மனதை அள்ளவில்லையா? அள்ளுகின்றன. அங்கே நிறங்கள் ஒன்றில் ஒன்று கரைவதுதான் அழகு, கரையட்டும். ஆனால் அந்த வெளிர் நீலத்தின்மேல் வெளிர் ரோஜாவில் ஒரு பூ வைத்தால், நான்கடி தள்ளி நின்றாலே பூ காணாமல் போகும். அதையே இரண்டு படி கெட்டியான ரோஜாவில் வைத்தால், வாசலில் நின்றபடியே தொட்டில் போர்வையில் இதழ்களை எண்ணலாம்.