வேரும் வழக்கும்: எபிரேயச் சொல்லாராய்ச்சி குறித்து ஒரு நோக்கு

சொல்லின் மெய்ப்பொருள் அதன் வேரிலே உறைந்து கிடக்கின்றது என்னும் நம்பிக்கை மிகப் பழையது. எபிரேய மொழியை ஆராய்ந்தோரிடையே அது நிலைபெற்றமைக்குத் தக்க காரணமும் உண்டு. அம்மொழிச் சொற்களிற் பெரும்பாலானவை மூன்று மெய்களாலான அடிகளிலிருந்து பிறப்பன. உயிரொலிகள் மாறியும் ஒட்டுக்கள் சேர்ந்தும் ஓரடியிலிருந்து பல சொற்கள் கிளைக்கின்றன. அடி வெளிப்படையாகத் தெரியும் மொழியிற் பொருளையும் அவ்வடியிலேயே தேடுதல் இயல்பே. இம்முறையை ஸ்கொத்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பார், 1961 இல் வெளிவந்த ‘விவிலிய மொழியின் சொற்பொருளியல்’ என்னும் நூலிற் கடுமையாகக் கண்டித்தார். அக்கண்டனத்தின் வலிமையும் எல்லையும் ஈண்டு நோக்கற்பாலன.

பார் மறுத்தவர்களுள் ஒருவர் நோர்வே அறிஞர் தோர்லைவ் போமன். எபிரேயச் சிந்தனையையும் கிரேக்கச் சிந்தனையையும் ஒப்பிட்டு 1952 இல் வெளியிட்ட நூலிலே, ‘தாவார்’ என்னும் சொல்லுக்குப் ‘பின்னின்று முன்னே செலுத்துதல்’ என்பதே அடிப்பொருள் என்றார் அவர். எனவே எபிரேயருக்குச் சொல் என்பது இயங்கும் ஆற்றலாகும் என்பது அவர் முடிபு. ஆயின், ‘தாவார்’ என்பது ‘சொல்’, ‘காரியம்’ என்னும் பொருள்களில் அன்றாடம் வழங்கியது. அதனைக் கூறியோர் உள்ளத்தில் அவ்வடிப்பொருள் இருந்தது என்பதற்கு யாது சான்று? ‘லெஹெம்’ அப்பத்தையும் ‘மில்ஹாமா’ போரையும் குறிப்பன. இரண்டிலும் உள்ள மெய்கள் ஒன்றே. அதனால் எபிரேயர் போரை அப்பத்துக்கான போராட்டமாகவே கருதினர் என்போமா? தமிழில் ஒருகால் நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ இன்று எதனைக் குறிக்கின்றது என்பதை நாம் அறிவோம்.

மரபுத்தொடர்களும் இதனையே உணர்த்துகின்றன. யாத்திராகமம் 34:6 இல் இறைவனைக் குறித்து ‘எரெக் அப்பாயிம்’ என்னும் தொடர் வருகின்றது. சொல்லுக்குச் சொல் கொண்டால் ‘மூக்கு நீண்டவர்’ என்றாகும். ‘அஃப்’ என்னும் சொல் மூக்கையும் சினத்தையும் குறிப்பதால், எளிதிற் சினம் கொள்ளாதவர் என்பதே தொடரின் பொருள். பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் மூக்கை விடுத்து ‘நீடிய பொறுமை’ என்னும் கருத்தையே தந்தனர். நாமும் ‘மூக்குக்கு மேற் கோபம்’ என்கின்றோம். அதனைக்கொண்டு தமிழர் உளவியலை எவரேனும் வகுப்பின் நகையாமல் இருப்போமா?

எனினும், வழக்கே பொருளைத் தீர்மானிக்கும் என்னும் விதி, வழக்குச் சான்று மிகுதியாக உள்ள இடத்திலேயே முழுப்பயன் தரும். விவிலியத்தில் ஓரிரு முறையே வரும் சொற்கள் பல. அங்கு அரபு, உகரித்து முதலிய இனமொழிகளை நாடாமல் இயலாது. பாரும் இதனை உணர்ந்தே 1968 இல் ஒப்பியல் மொழிநூலின் நெறிகளை ஆராய்ந்து தனிநூல் எழுதினார்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ‘துக்கியீம்’. சாலமோனின் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களைக் கூறும் ஒத்த இரு பகுதிகளில் மட்டுமே இச்சொல் வருகின்றது. 1856 இல் முதன்முதல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை இயற்றிய கால்டுவெல், இதனைத் தமிழ்த் ‘தோகை’யோடு இணைத்தார். மயிலிறகின் பெயர் சினையாகுபெயராய் மயிலுக்கு ஆதல் நம் இலக்கணத்துக்கு உடன்பாடே. தந்தமும் குரங்கும் உடன் வருதலும் இக்கருத்துக்குத் துணைசெய்யும். ஆயின், எகிப்தியச் சொல்லொன்றைக் காட்டி இதனைக் குரங்கினத்தின் பெயராகக் கொள்வோரும் உளர். இன்றைய எபிரேயத்திலோ ‘துக்கி’ என்பது கிளியைக் குறிக்கின்றது!

‘தோகை’ கடல் கடந்த கதையைப் பாடசாலையிற் கேட்டுப் பூரித்தவருள் யானும் ஒருவன். அக்கதை பொய்யென்று இப்பொழுதும் கூறேன். அது ஏற்கத்தக்க கருதுகோள். ஆனால், பிறர் மொழியில் வேரைக் காட்டி முடிபு கூறுவோரிடம் நாம் கேட்கும் சான்றை, நமக்கு உவப்பான முடிபிடத்தும் கேட்டல் வேண்டும். சொல்லின் வேர் அதன் பிறப்பைக் கூறும். வாழ்வைக் கூறுவது வழக்கே. பாரின் நூல் தமிழ் மாணவர்க்கு அளிக்கும் பாடம் இதுவே.