காற்றுச் சுரங்கத்தில் ஒரு பரீட்சை

அமெரிக்க எரிசக்தித் துறை 2014ஆம் ஆண்டு மே மாதம் லாஸ் வேகாஸ் நகரில் முதன்முறையாக நடத்திய கல்லூரிக் காற்றாற்றல் போட்டியில், பத்துப் பல்கலைக்கழகங்களின் மாணவர் குழுக்கள் தாங்களே வடிவமைத்த சிறு காற்றாலைகளைக் காற்றுச் சுரங்கத்தில் பொருத்தி, நடுவர் முன்னிலையில் ஓட்டிக்காட்டின. ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளத்துக்கு அண்டையூரான சூளூர்பேட்டையில் இருந்துகொண்டு அந்தப் போட்டிமுறையின் குணதோஷங்களை ஆராய முற்படுவதற்குக் காரணம், நம் பொறியியற் கல்லூரிகளில் இறுதியாண்டு ‘புராஜெக்ட்’ என்ற பெயரால் நடந்தேறும் சடங்குதான். யந்திரத்தைக் கடையில் விலைக்கு வாங்கி, அறிக்கைக்குக் கெட்டி அட்டை போட்டுப் பொன்னெழுத்தில் பெயர் பொறித்து, வைவாவில் சில நிமிஷங்கள் ஒப்பித்துவிட்டுப் பட்டம் பெறும் வழக்கம் எங்கும் உண்டென்று சொல்லமாட்டேன். ஆனால் அதை அறியாத பேராசிரியர் எவரும் இரார்.

போட்டி இதற்கு நேர் விரோதமானது. சுழலியும் ஏனைய உறுப்புகளும் 45 சென்டிமீட்டர் கனசதுரத்துக்குள் அடங்கவேண்டும் என்ற விதியைக் கேட்டவுடன் இது விளையாட்டுச் சாமான் என்று தோன்றக்கூடும். கணக்குப் போட்டால்தான் அதன் கடுமை விளங்கும். அவ்வளவு சிறிய வட்டத்தின் வழியே விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்லும் காற்றில் ஏறத்தாழ 12 வாட் சக்தியே உண்டு; வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப அது வளர்வதால், 11 மீட்டர் வேகத்தில் 127 வாட்டாகிறது. ஜெர்மானிய விஞ்ஞானி பெட்ஸ் வகுத்த வரம்பின்படி அதில் 59.3 சதவீதத்துக்குமேல் எந்த யந்திரமும் கறக்க இயலாது. இத்தனை சிறிய சுழலி முப்பது சதவீதத்தைத் தொட்டாலே பெரிய காரியம். ஆக, பழைய டியூப்லைட் ஒன்றை எரிக்கப் போதாத மின்சாரத்துக்காக ஒரு குழு ஓராண்டு பாடுபடுகிறது.

அந்தப் பாட்டில்தான் கல்வி இருக்கிறது. மின்னாக்கியின் தண்டைக் கையால் திருப்பிப் பார்த்தால், காந்தங்கள் இரும்புப் பற்களைப் பிடித்து இழுப்பதால், அது தடக் தடக்கென்று நின்று நின்றே நகரும். மெல்லிய காற்று அந்தப் பிடியை வெல்லாது. இறகை அகலப்படுத்தினால் சுழலி எளிதாகப் புறப்படும், ஆனால் வேகக் காற்றில் திறன் குன்றும். முப்பரிமாண அச்சில் வார்த்த இறகின்மேல் படிந்திருக்கும் மெல்லிய வரிகளை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கும் மாணவனுக்கு, பாடப்புத்தகத்தில் வெறும் குறியீடாகக் கிடந்த உராய்வு விரல்நுனியில் அறிமுகமாகிறது.

இருப்பினும், என் அபிப்பிராயத்தில் இப்போட்டியின் மகுடம், யந்திரத்தை ஓட்டும் பரீட்சையன்று, நிறுத்தும் பரீட்சையே. கட்டளை பிறந்த பத்து விநாடிக்குள் சுழற்சி, குறித்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கவேண்டும். மின்தொடர்பு துண்டிக்கப்பட்டாலும் தானே அடங்கவேண்டும். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரைகடந்த புயலை இன்னும் மறவாத இந்தக் கடற்கரையில், நிற்கத் தெரியாத காற்றாலை எப்படிப்பட்ட அபாயம் என்பதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

குறைகளும் சாமானியமானவை அல்ல. சுரங்கத்துக் காற்று சொன்னபடி கேட்கும் காற்று. திசை மாறுவதும் வேகம் மாறுவதும் விதிமுறைப்படியே நிகழும். சுரங்கத்தின்மீது எனக்கு விரோதம் கிடையாது. நாட்டின் முதல் ஒலிமிஞ்சு காற்றுச் சுரங்கத்தை அமைத்த சதீஷ் தவானின் பெயரையல்லவா நம் அண்டை ஏவுதளம் தாங்கியிருக்கிறது! ஆயினும் திருமலையின் காகுலகொண்டாவிலும் முப்பந்தல் கணவாயிலும் நிற்கும் பெரிய காற்றாலைகளின் இறகுகள் இயங்கும் பாய்மநிலை வேறு, கையகல இறகின் நிலை வேறு; ஒன்றில் தேர்ந்த வடிவம் மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. பழவேற்காட்டின் உப்புக்காற்று ஒரு பருவத்தில் தாங்கியை எப்படி அரிக்கும் என்பதைச் சில நிமிஷச் சோதனை எதுவும் காட்டாது.

போட்டியின் மற்றோர் அங்கம், ஒரு காற்றாலைப் பண்ணைக்கு இடம் தேர்ந்து வரவுசெலவு வகுப்பது. எண்ணம் உத்தமமானது, பொறியியல் மாணவனைக் கடனுக்கும் நிலத்துக்கும் முகம் கொடுக்கவைக்கிறது. ஆனால் வரைபடத்தை மட்டும் பார்த்து இடம் தேர்பவனுக்கு எங்கள் பழவேற்காட்டு ஏரி காற்று தங்குதடையின்றி வீசும் வெட்டவெளியாகவே தென்படும். பூநாரைகள் இரைதேடும் சேற்றுப்பரப்பையும், நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்துக்கு வந்துபோகும் கூழைக்கடாக்களின் வழியையும், வலைபோடும் மீனவரின் ஆட்சேபத்தையும் கரையில் போய் நின்றவனே அறிவான்.

பணமும் பட்டறையும் உள்ள கல்லூரிக்கே வெற்றி கிட்டும் என்ற புகாரை நான் பாதிதான் ஏற்பேன். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2014இலும் 2016இலும் முதலிடம் பெற்றதில், ஒரு குழு அடுத்த குழுவுக்கு அனுபவத்தைக் கைமாற்றித் தருவதற்கும் பங்கு இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். நம் நாட்டிலோ மாணவன் பட்டம் பெற்ற தினத்தோடு அவன் யந்திரம் பரணுக்குப் போய்விடுகிறது.

ஆகையால் இங்கே இத்தகைய போட்டி நடத்துவோர் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, சென்ற ஆண்டுக் குழுவின் காற்றாலையைக் கழற்றி, பழுதின் காரணத்தைக் கண்டு, செப்பனிட்டு மீண்டும் ஓட்டுவதற்கு ஒதுக்கவேண்டும். நடுவே அது ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் வெளியில் நின்றிருக்கவேண்டும். பெரிய யந்திரங்களைச் சோதிக்கத் தேசிய காற்றாற்றல் நிறுவனத்துக்குக் கயத்தாற்றில் நிலையம் உண்டு. இந்தச் சிறு யந்திரத்துக்கு ஏரிக்கரையில் ஏதேனும் ஒரு கல்லூரியின் மொட்டைமாடி போதும்.