தச்சர் மகனின் பாட்டு

எதுகையும் மோனையும் இல்லாதது பாட்டாகுமா? புதுக்கவிதையைக் கையிலெடுக்கும் நம்மவருள் பலர் இன்றும் இவ்வாறு வினவக் கேட்கிறோம். விடை காண அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனிடம் (1819–1892) செல்வது பயன் தரும்.

தச்சர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தவர் அவர். 1855இல் பன்னிரண்டு பாடல்களுடன் 'புல்லின் இதழ்கள்' நூலைத் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். 1904இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராய் இருந்த பாரதியார், பிற்காலத்தில் 'நகரம்' என்னும் கட்டுரையில் இவரைத் தமிழர்க்கு எடுத்துரைத்தார். வசனம் போன்ற அந்நடையிலும் மகாகவியைக் கண்டார். ந. பிச்சமூர்த்தியின் கவிதை முயற்சிக்கு வித்திட்டதும் அந்நூலே. அவர் 1934இல் 'மணிக்கொடி'யில் எழுதிய 'காதல்', தமிழ்ப் புதுக்கவிதையின் தொடக்கமாகப் பலரால் போற்றப்படுகிறது.

யாப்பின்றி விட்மனின் பாட்டு எதனால் நிற்கிறது? 1860ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்த சிறு பாடலொன்றில் தச்சர், கொத்தர், படகோட்டி, செருப்புத் தைப்பவர், தாய் என ஒவ்வொருவரும் தத்தம் பாட்டைப் பாடுகின்றனர். 148ஆம் திருப்பாடலை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று. அங்கே ஞாயிறும் திங்களும் பனியும் கனிமரங்களும், அரசரும் சிறாரும் வரிசையாய் அழைக்கப்பெறுகின்றனர். ஒத்த அமைப்புடைய அடிகள் அலைபோல் அடுத்தடுத்து வருவதே இரண்டிலும் சந்தமாகிறது.

குறைகளும் உண்டு. அவருடைய பட்டியல்கள் சிலவிடத்து நீண்டு சலிப்பூட்டுகின்றன. 'நான்' என்று அவர் ஓயாது முழங்குவது, தாழ்ச்சியைப் புண்ணியமாகக் கற்ற நம் செவியை உறுத்தும். ஆயினும் அந்த 'நான்' பிறரை விலக்குவதன்று. அடிமையையும் நோயாளியையும் தன்னுள் ஏற்பது. உள்நாட்டுப் போரில் காயமுற்றோரின் படுக்கையருகே அவர் அமர்ந்து தேற்றிய ஆண்டுகள் அதற்குச் சான்று.

யாப்பிலிருந்து விடுதலையை விட்மனிடம் பெற்ற நம் புதுக்கவிதை, உழைப்போர் பாட்டுக்குச் செவிகொடுக்கும் அவரது பண்பை அந்த அளவுக்குப் பெறவில்லை என்பதே நம் கருத்து. அச்செவிக்குரிய செல்வம் நம் அருகிலேயே உள்ளது. பரவை முனியம்மா (மறைவு 2020) பாடிய நாட்டுப்புறப் பாடல்கள் அதற்கோர் எடுத்துக்காட்டு.

விட்மனை மனத்துக்குள் வாசித்து மூடிவிடாமல், ஆலயத்தில் திருப்பாடலை வாசிப்பதுபோல் உரக்க வாசித்துப் பார்ப்போம். முதலில் எழுந்த வினாவுக்கு நம் செவியே விடை கூறும்.