கூச்சத்தை நிறுக்கும் தராசு

சங்கரன்கோவில் பூச்சந்தையில், விடிந்தும் விடியாத வேளையில் மல்லிகை நிறுக்கப்படுவதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பனி ஈரத்தோடு வந்த பூவுக்கு ஓர் எடை. வெயில் ஏறியபின் அதே பூவுக்கு வேறோர் எடை. தராசு பொய் சொல்லவில்லை. ஆனால் அது காட்டும் எடையில் பூ எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்பதைத் தராசு சொல்வதில்லை. அதை அறியப் பழகிய கை வேண்டும்.

மனத்தின் துன்பத்தை அளக்கும் கருவிகளின் நிலையும் இதுவே. உளவழிச் சிகிச்சை பெறுவோர் குணமடைகிறார்களா என்பதை இன்று எண்களால் சொல்கிறார்கள். அந்த எண்கள் எதை நிறுக்கின்றன? சமூக அச்சத்தை அளக்க உலகின் பல நாடுகளிலும் கையாளப்படும் லீபோவிட்ஸ் அளவுகோலை எடுத்துக்கொண்டு, அதன் நிறைகுறைகளைச் சீர்தூக்கிப் பார்ப்போம்.

கூச்சமும் கோளாறும்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கூச்சம் நோயன்று. புதியவர் முன் நாக்குத் தடுமாறுவதும், மேடையேறும்போது முழங்கால் நடுங்குவதும் நம்மில் பலருக்கும் உள்ளவை. திருக்குறளில் 'அவை அஞ்சாமை' என்று ஓர் அதிகாரமே உண்டு. போர்க்களத்தில் சாவதற்கு அஞ்சாதவர் பலர், அவையில் பேச அஞ்சாதவர் சிலரே என்பது வள்ளுவர் கண்ட உண்மை.

அப்படியானால் கோளாறு எங்கே தொடங்குகிறது? பிறர் தம்மைக் கவனித்து இழிவாக எண்ணிவிடுவார்கள் என்ற அச்சம் மாதக்கணக்கில் நீடித்து, படிப்பையும் பிழைப்பையும் உறவையும் முடக்கும்போது அது கோளாறு. 1966இல் இலண்டனில் ஐசக் மார்க்ஸ், கெல்டர் என்னும் இரு மருத்துவர்கள் இதனை மற்ற அச்ச நோய்களிலிருந்து பிரித்துக் காட்டினர். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற்றது. 28 நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வின்படி, நூற்றுக்கு நால்வர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இக்கோளாற்றுக்கு ஆளாகின்றனர். பெரும்பாலும் இது பதின்பருவத்தின் தொடக்கத்திலேயே வேர்விட்டுவிடுகிறது.

ஆயினும் இவர்கள் மருத்துவரிடம் எளிதில் வருவதில்லை. சங்கரன்கோவில் கோமதி அம்மன் சன்னதியில், மனநலம் குன்றியோரை அமரவைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. கூச்சலிடுபவரை, ஊர் சுற்றுபவரை வீட்டார் கைபிடித்து அழைத்து வருவர். வாய் திறவாமல் மூலையில் இருப்பவரை யார் அழைத்து வருவார்? "நம்ம பிள்ளை சங்கோஜி, தங்கமான குணம்" என்று பாராட்டிவிட்டு இருந்துவிடுவோம். அவர் உள்ளே படும் பாட்டை ஒருவரும் அறியார். அதனால்தான் அளவுகோல் தேவைப்படுகிறது.

அளவுகோலின் அமைப்பு

மைக்கேல் லீபோவிட்ஸ் என்னும் அமெரிக்க உளமருத்துவர் 1987இல் இந்த அளவுகோலை வெளியிட்டார். இதில் 24 சூழ்நிலைகள் உள்ளன. பிறர் அருகிலிருக்கத் தொலைபேசியில் பேசுதல், பொது இடத்தில் உண்ணுதல், ஒருவர் பார்க்க எழுதுதல், அனைவரும் அமர்ந்திருக்கும் அறைக்குள் நுழைதல், மேலதிகாரியிடம் பேசுதல் போன்றவை அவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். கடந்த ஒரு வாரத்தில் அந்தச் சூழ்நிலை எவ்வளவு அச்சம் தந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை. அதை எவ்வளவு தவிர்த்தீர்கள் என்பதற்கு 0 முதல் 3 வரை. ஆக மொத்தம் 144. மொத்தம் 30ஐ எட்டினால் கோளாறு இருக்கக்கூடும் என்றும், 60ஐத் தாண்டினால் அது பெரும்பாலான சூழ்நிலைகளுக்கும் பரவிவிட்டது என்றும் கொள்வர்.

இதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. "உங்களுக்குக் கூச்சம் அதிகமா?" என்று மொட்டையாகக் கேட்டால் கூச்சமுள்ளவர் "இல்லை" என்றே சொல்வார். "வங்கியில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கக் கையெழுத்துப் போடும்போது கை நடுங்குகிறதா?" என்று கேட்டால், இத்தனை நாள் தமக்கு மட்டுமே உள்ளதென்று எண்ணியிருந்த துன்பத்தை மற்றொருவர் பெயர் சொல்லி அழைத்ததுபோல் அவருக்குத் தோன்றும். பாதிச் சிகிச்சை அங்கேயே தொடங்கிவிடுகிறது எனலாம்.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

ஒரு கணக்கரின் கதை

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதும் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆடித் தபசுத் திருவிழாவின் பெருங்கூட்டத்தில் அவருக்கு அச்சமில்லை. அங்கே அவரை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் திருமண மண்டபத்தில் மொய் எழுதும் மேசை முன் நின்று பெயர் சொல்ல வேண்டுமென்றால் நெஞ்சு படபடக்கிறது. பந்தியில் எதிர் வரிசைக்காரர் பார்க்க உண்ணும்போது சோறு தொண்டையில் இறங்குவதில்லை. பெண் பார்க்கப் போகும் நாளை இரண்டு முறை தள்ளிப் போட்டுவிட்டார்.

இவரை அந்த 24 வினாக்களின் முன் அமர்த்துவோம். விருந்து ஒன்று ஏற்பாடு செய்து நண்பர்களை அழைப்பது பற்றி ஒரு வினா. காதல் நாடி ஒருவரை அணுகுவது பற்றி ஒரு வினா. வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பது பற்றி ஒரு வினா. நம் கணக்கர் முதல் இரண்டையும் வாழ்வில் செய்ததில்லை. மூன்றாவதைப் பொறுத்தவரை, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகை தொங்கும் கடையில் துணிச்சல்காரரும் வாய் திறப்பதில்லை. பழக்கமில்லாத சூழ்நிலை வந்தால் கற்பனை செய்து விடையளிக்க வேண்டும் என்கிறது அளவுகோலின் விதி. அப்போது அளக்கப்படுவது அச்சமா, கற்பனைத் திறனா? இம்மூன்று வினாக்களுக்கும் உரிய மதிப்பெண் 18. அதாவது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. 30 என்ற எல்லைக்கோட்டின் அருகே நிற்பவருக்கு 18 என்பது சிறிய எண்ணன்று. மொய் மேசையோ, பெண் பார்க்கும் சடங்கோ பட்டியலில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. முதலாளியின் முன் தொலைபேசியில் பேச நம் கணக்கருக்கு அச்சம் 3. ஆனால் அவர் அதைத் தவிர்ப்பதில்லை. தவிர்த்தால் வேலை போய்விடும். ஆகவே தவிர்ப்பு 0, கூட்டுத்தொகை 3. அதே அச்சமுள்ள வசதியான வீட்டுப் பிள்ளை தொலைபேசியைத் தொடாமலே காலம் கழிக்கலாம். அவருக்கு அச்சம் 3, தவிர்ப்பு 3, கூட்டுத்தொகை 6. துன்பம் ஒன்றே, மதிப்பெண் இருமடங்கு. பல்லைக் கடித்துக்கொண்டு பிழைப்புக்காகச் சகித்துக்கொள்பவரை இந்தத் தராசு குறைத்து நிறுக்கிறது. மறுபுறம், அறிமுகமில்லாத ஆடவரின் கண்ணை நோக்கிப் பேசாத ஒரு பெண் அச்சத்தால் தவிர்க்கிறாரா, வளர்ந்த முறையால் தவிர்க்கிறாரா? தவிர்ப்பு என்ற கட்டத்தில் இரண்டுக்கும் ஒரே எண்தான் விழுகிறது.

ஜப்பானில் இக்கோளாறு வேறு முகம் காட்டுகிறது. 'என்னை இழிவாக எண்ணுவார்களே' என்பதைவிட, 'என் பார்வையாலோ உடல் நாற்றத்தாலோ பிறருக்குத் தொல்லை கொடுத்துவிடுவேனே' என்று அஞ்சுவோர் அங்கு உண்டு. அவர்கள் அதற்கு 'தைஜின் கியோஃபுஷோ' என்று பெயரிட்டுள்ளனர். பிறர் மனம் புண்படுமோ என்ற அச்சத்தையும் 2013ஆம் ஆண்டின் அமெரிக்கக் கையேடு சேர்த்துக்கொண்டது. எனவே வினாக்களைத் தமிழில் பெயர்த்தால் மட்டும் போதாது. சொல்லை மாற்றுவது எளிது. சூழ்நிலையை மாற்ற வேண்டும். மாற்றியபின் எல்லைக்கோட்டையும் நம் மக்களிடையே புதிதாக வகுக்க வேண்டும்.

மூன்றாவது குறை, கேட்பவரைப் பற்றியது. பிறர் தம்மை எப்படி மதிப்பிடுவார்களோ என்பதே இந்நோயாளியின் அச்சம். அவரை மதிப்பிடுவதற்காக ஒருவர் எதிரே தாளும் பேனாவுமாக அமர்கிறார்! பத்து வாரம் பாடுபட்ட மருத்துவரின் முகம் வாடிவிடுமே என்று "இப்பம் தேவல சார்" என்பார் நம் கணக்கர். எண் குறையும், மண்டபத்து வாசல் அவருக்கு முன்போலவே மலையாக நிற்கும்.

சிகிச்சை எப்படி நடக்கிறது?

அவையில் அஞ்சாமல் விடையளிக்க நூல்களை அளவறிந்து கற்கச் சொன்னார் வள்ளுவர். கல்லாமையால் வரும் அச்சத்துக்கு அது நல்ல மருந்து. ஆனால் நம் கணக்கருக்குத் தம் பெயர் தெரியாதா? கையெழுத்துப் போடத் தெரியாதா? அவர் அச்சம் அறியாமையால் வந்ததன்று.

1995இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்னும் பிரிட்டிஷ் உளவியலார் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். அச்சம் எழுந்ததும் நோயாளியின் கவனம் வெளியிலிருந்து உள்ளே திரும்பிவிடுகிறது. தம் நடுக்கத்தையும் வியர்வையையும் உள்ளிருந்து உணர்பவர், அதையே பிறரும் காண்கிறார்கள் என்று நம்பிவிடுகிறார். பிறகு தற்காப்பு வேலைகள் தொடங்குகின்றன. தேநீர் சிந்தாதிருக்கத் தம்ளரை இறுகப் பிடிக்கிறார். இறுகப் பிடித்ததாலேயே கை அதிகம் நடுங்குகிறது. சிந்தாமல் தப்பினால், "இறுகப் பிடித்ததால் பிழைத்தேன்" என்று எண்ணிக்கொள்கிறார். அச்சம் பொய் என்பதை அறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதேயில்லை.

சிகிச்சை இந்தச் சுழலை வெட்டுகிறது. நோயாளி பேசுவதைப் படம்பிடித்து அவருக்கே காட்டுவர். தாம் உணர்ந்த நடுக்கத்தில் பெரும்பகுதி படத்தில் தெரியவில்லை என்பதை அவரே காண்பார். பிறகு சோதனைகள். பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் வேண்டுமென்றே சிறிது தேநீரைச் சிந்திவிட்டு, எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எண்ணி வரச் சொல்வர். நீங்களே செய்து பாருங்கள். விடை உங்களுக்கும் வியப்பூட்டும். இத்தகைய சிகிச்சை வாரம் ஒரு முறையாக மூன்று, நான்கு மாதங்கள் நடைபெறும். தேவையானால் மருத்துவர் மேற்பார்வையில் மருந்தும் உண்டு.

எண் குறைந்தால் குணமா?

நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அளந்தனர். அவர்கள் பெரும்பாலும் கடும் மனநோய் உற்றவர்கள். சமூக அச்சக்காரர்கள் அல்லர். கோயிலில் மருந்து தரப்படவில்லை. சில வாரங்களில் அவர்களது நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. இது 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று.

குணப்படுத்தியது எது? கோயிலின் அமைதியா, நம்பிக்கையா, உடனிருந்த உறவினரின் பரிவா, நாட்கள் கழிந்ததா? ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாததால் சொல்ல இயலாது. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் உதவி தேடுவர். உச்சியிலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இறக்கமே. இந்த எச்சரிக்கை கோயிலுக்கு மட்டுமன்று, மருத்துவமனைக்கும் பொருந்தும்.

ஒப்பீடு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு 1998இல் ரிச்சர்ட் ஹைம்பர்க், லீபோவிட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. ஒருவர் உளவழிச் சிகிச்சையில் பற்றுடையவர். மற்றவர் மருந்தாய்வில் தேர்ந்தவர். 133 நோயாளிகளை நான்காகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்குக் குழுவாகச் சிந்தனை நடத்தைச் சிகிச்சை. ஒன்றுக்கு ஃபினெல்சின் மருந்து. ஒன்றுக்கு மருந்தில்லாப் போலி மாத்திரை. ஒன்றுக்கு வெறும் ஆதரவுப் பேச்சு. 12 வாரங்களுக்குப் பின் முதல் இரண்டும் மற்ற இரண்டையும்விட மேலாக நின்றன. யார் எந்தச் சிகிச்சை பெற்றார் என்பதை அறியாதவர்களே மதிப்பிட்டனர். பின்னர் 101 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஆராய்ச்சியும், உளவழிச் சிகிச்சைகளுள் தனிநபருக்கு அளிக்கப்படும் சிந்தனை நடத்தைச் சிகிச்சையே சிறந்த பயன் தந்ததாகக் கண்டது. ஆகவே சிகிச்சை வெறும் பேச்சு என்று ஒதுக்க வேண்டா. அதற்குச் சான்று உண்டு.

நம் தீர்ப்பு

அளவுகோலைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டா. ஈரத்தைக் கழித்து நிறுக்கக் கற்றுக்கொண்டால் போதும். சிகிச்சைக்கு முன் ஒரு முறையன்று, சில வார இடைவெளியில் இரு முறையேனும் அளக்க வேண்டும். சிகிச்சை அளித்தவரே மதிப்பெண் இடக்கூடாது. மதிப்பெண்ணின் இறக்கம், கருவியின் இயல்பான பிழையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். நோயாளியே தம் வாழ்விலிருந்து மூன்று காரியங்களைத் தொடக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். முடிவில் அவற்றைச் செய்தாரா என்று பார்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். இவை செலவு மிக்க காரியங்களல்ல.

செலவு மிக்கது வேறொன்று. நம் நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு ஓர் உளமருத்துவர்கூட இல்லை. 12 வாரச் சிகிச்சை என்றால், சிற்றூர்க்காரருக்கு அது பன்னிரண்டு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் ஆகும். 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்னும் அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் ஒரு வாசலைத் திறந்துள்ளது. ஆனால் தொலைபேசியில் பேசவே அஞ்சுபவருக்கு அந்த வாசலும் உயரமானது என்பதை மறக்கலாகாது. அவருக்காக முதல் அழைப்பை விடுக்க அருகில் ஒருவர் வேண்டும்.

மாணவ நண்பர்களே! உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில், விடை தெரிந்தும் கை தூக்காத ஒருவர் இருக்கக்கூடும். அவரை எழுப்பிச் சிரிக்கவும் வேண்டா, 'நல்ல அடக்கம்' என்று புகழ்ந்து கைவிடவும் வேண்டா. அருகில் அமர்ந்து, என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். எந்த அளவுகோலும் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.