இருளிலும் தெரியும் பனி

ஆர்க்டிக் கடல்பனி ஓரிடத்தில் நிற்பதில்லை. காற்றும் நீரோட்டமும் அதை இழுத்துக்கொண்டே போகின்றன. 1893 முதல் 1896 வரை துருவ ஆய்வாளர் நான்சனின் ‘ஃபிராம்’ கப்பல் பனியில் உறைந்தபடியே மிதந்து இந்த ஓட்டத்தைக் காட்டியது. இன்று அதைச் சென்டினல்-1 போன்ற செயற்கைக்கோள்களின் ரேடார் காட்டுகிறது. சுமார் 5.6 செ.மீ. நீளமுள்ள அதன் அலைகளுக்கு மேகமோ நீண்ட துருவ இரவோ தடையல்ல. பனிப்பாளங்கள் மோதி மேடிட்ட முகடுகள் படத்தில் வெளுத்தும், வழவழப்பான இளம்பனி கறுத்தும் விழும். ஓரிரு நாள் இடைவெளியில் எடுத்த இரு படங்களில், இந்த அடையாளங்களைக் கொண்டு, முதலாவதன் ஒரு துண்டு இரண்டாவதில் எங்கே போயிருக்கிறது என்று கணினி தேடுகிறது. பனி சுழன்றிருக்கலாம் என்பதால் துண்டைத் திருப்பித் திருப்பிப் பொருத்திப் பார்க்கும். கோடையில் மேற்பரப்பு உருகி ஈரமானால் அடையாளங்கள் மங்கி, பொருத்தம் தவறும்.